பிலோமினா ஆன்ட்டிக்குப் பேச முடியவில்லை

பக்கத்து வீட்டு பிலோமினா ஆன்ட்டியின் குரல் தினமும் காலையில் எனக்கு இரண்டு தடவை வரும். முதல் தடவை காரிடாரிலிருந்து நேராக. இரண்டாம் தடவை என் போனிலிருந்து. அவர் கற்பூரவல்லிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசுவார். பேசியதை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அது என் சாப்பாட்டு மேசையில் வந்து விழும்.

"எல்லாருக்கும் காலை வணக்கம், இயேசுவுக்கே புகழ். வானம் இருட்டிக்கிட்டு வருது, துணி காயப் போடாதீங்க. நான் இன்னைக்கு முருங்கைக்கீரை பண்றேன்."

விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆகும், நடுவில் எதிர்வீட்டுப் பூனைக்கும் புத்தி சொல்வதால். கோயில் ஆட்கள், செங்காங் அடுக்குமாடி புளோக்கில் எங்களைப் போன்றவர்கள், பழைய வேலைத் தோழிகள், தேக்கா மார்க்கெட் கறிக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் இது போகும். பாதிப் பேர் அவரை மியூட்டில் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் போடவில்லை. அன்பினால் என்று நினைத்துவிட வேண்டாம், சுவருக்கு மியூட் கிடையாது. நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே போன் எடுக்கிறவள். கோபத்தோடு கூப்பிடுகிறவர்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்வதுதான் பிழைப்பு. காலையில் அரைமணி நேரம் அமைதியாக இருந்தால் போதும் என்று ஏங்கியிருக்கிறேன்.

இடையில் ஒரு வாரம் மட்டும் போன் வழியாக அவர் குரல் வரவில்லை. சுவர் வழியாக மட்டும் வந்தது, அதுவும் அவர் வீட்டில் வந்து தங்கிய இன்னொருவரின் குரலையும் சேர்த்துக்கொண்டு. அது எப்படி என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முழுப்பெயர் பிலோமினம்மாள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, எவ்வளவு தாண்டியது என்று அவரும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். கணவர் தவறிப்போய்ப் பல வருஷம் ஆகிறது. மகன் ஜோனத்தன் பொங்கோலில் குடும்பத்தோடு இருக்கிறான். தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி அவன் கூப்பிடாத மாதம் இல்லை. "அங்க காரிடார்ல நாலு வீடுதான் இருக்கு. யார்கிட்ட பேசுறது?" என்று இவர் தட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறார்.

அந்தக் குரலுக்குக் காரணம் வேலை. ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருந்தார். ராட்சச மெஷின்கள் ஓடும் இடம், பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். அங்கே அவருக்கு ஜோடி ரத்தினம்மா. பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தள்ளி நின்று உதறி, பிறகு நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். தள்ளி நிற்கும்போது கத்திப் பேச வேண்டும், கிட்டே வரும்போது மெதுவாகப் பேசலாம். பிலோமினா ஆன்ட்டிக்கு அந்த மெதுவாக மட்டும் கடைசிவரை வரவில்லை. ரத்தினம்மாவோ கத்துகிற வேலையையும் இவருக்கே விட்டுவிட்டு, வேலைக்காலம் முழுக்கத் தலையாட்டியே கழித்தவர்.

அந்த ரத்தினம் ஆன்ட்டி இப்போது பாசிர் ரிஸில் மகன் திலீப் வீட்டில் இருக்கிறார். முன்பெல்லாம் இங்கே வந்து போவார், என்னையும் நன்றாகத் தெரியும். முட்டி ஆபரேஷன் ஆனபிறகு கிளினிக்கைத் தவிர வேறெங்கும் போவதில்லை. கம்பை ஊன்றிக் குளியலறை வரை போய் வருவதே அவருக்குப் பெரும் பயணம். பிலோமினா ஆன்ட்டி எல்லோருக்கும் அனுப்புவது ஒன்று, ரத்தினத்துக்கு என்று தனியாக அனுப்புவது இன்னொன்று. "ரத்தினம், எழுந்துட்டியா? காலை மடக்கி நீட்டினியா? பொய் சொல்லாத, நீட்டியிருக்க மாட்ட." எல்லோருக்கும் அனுப்புவதற்கு யாராவது ஒருவர் கும்பிடு படம் ஒன்றைப் போட்டால் அதுவே அதிகம். ரத்தினம் ஆன்ட்டி மட்டும் தினமும் குரலிலேயே பதில் அனுப்புவார். "கேட்டேன் பிலோமினா." அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகுதான் இந்த ஆன்ட்டி தண்ணீர்க் குவளையைக் கீழே வைப்பார்.

இப்படிப்பட்டவரை போனில் ஏமாற்றுவது சுலபம் என்று நினைப்பவர்கள் அவரிடம் பேசிப் பார்க்க வேண்டும். ஒருமுறை வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டான். ஆன்ட்டி அவனுடைய பெயரைக் கேட்டார், சாப்பிட்டாயா என்று கேட்டார், பிறகு தன்னுடைய இங்கிலீஷில் ஒரு போடு போட்டார். "பாய், யூ டூ திஸ் வொர்க், யுவர் மதர் நோ ஆர் நாட்?" அவன் வைத்துவிட்டான். இன்னொருவன் போலீஸ் உடுப்போடு வீடியோவிலேயே வந்தான். கைது செய்வேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தவனை நிறுத்தி, சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது, சரி செய்துகொள் என்றார். அவன் அனிச்சையாகக் கையைக் காலருக்குக் கொண்டுபோனதைக் காரிடார் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். புதிய ஆள் யாராக இருந்தாலும் அவருடைய பேச்சுக்கு முன்னால் நிற்க முடியாது. அதனால் இவருக்கு ஒன்றும் ஆகாது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அது கொரோனா காலத்தில் வந்தது. பூசைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே போனில் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்தால் ஒரு ரகசிய எண் வரும், அதைப் போட்டால்தான் இடம். கோயிலில் உள்ள வயசானவர்களுக்கு அது பிடிபடவில்லை. ஆன்ட்டி ஜோனத்தனைப் பிடித்துக் கற்றுக்கொண்டு எல்லோருக்கும் தானே பதிவு செய்ய ஆரம்பித்தார். அவர்களுடைய போனுக்கு எண் வரும், அவர்கள் ஆன்ட்டியைக் கூப்பிட்டு வாசிப்பார்கள், இவர் போடுவார். எத்தனையோ பேர் அந்த நாட்களில் நற்கருணை வாங்கியது இவர் தயவில். ஆக, போனுக்கு வந்த எண்ணைத் தெரிந்தவரிடம் வாசித்துக் காட்டுவது அவர் மனதில் ஒரு புண்ணிய காரியமாகவே பதிந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்கு சிலுவைராஜிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. சிலுவைராஜ் கோயிலின் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துகிறவர். குரலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சிக்கனமான மனிதர், மெசேஜ் என்றால் இங்கிலீஷில் நாலு வார்த்தைக்கு மேல் போட மாட்டார். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று தவறி வந்துவிட்டது, எனக்கு அனுப்பி வையுங்கள் என்று மட்டும். மாதா திருவிழாச் சாப்பாட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று அந்த வாரம் அவர்தான் பதிவு செய்துகொண்டிருந்தார். அண்ணன் நம் பெயரையும் பதிகிறார் என்று ஆன்ட்டி முடிவு கட்டிவிட்டார்.

இதில்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சிலுவைராஜ் பெயரில் அதை அனுப்பிய திருடன் திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய பொய்யை ஜோடிக்கும் சிரமம்கூட அவனுக்கு இல்லை, மிச்சத்தை ஆன்ட்டியே அன்பாகச் சேர்த்துக்கொண்டார். எண் வந்த மெசேஜிலேயே, இதை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று போட்டிருந்தது. அதையும் படித்திருக்கிறார். பிறகு நான் கேட்டபோது, "அது வெளி ஆளுங்களுக்குச் சொல்றது, தாரணி. சிலுவை அண்ணன் வெளி ஆளா?" என்றார்.

அவருக்கு டைப் அடிக்க வராது. அதனால் எண்ணையும் குரலிலேயே அனுப்பினார். எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது. ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிதானமாக, "நல்லா கேட்டுக்குங்க அண்ணே, இன்னொரு தடவை சொல்றேன்" என்று இரண்டாம் முறையும். யாருக்கோ டெலிபோன் நம்பர் சொல்கிறார் என்று நினைத்து, என் வாடிக்கையாளருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று ஹெட்செட்டைக் கையால் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் காரிடார் அமைதியாக இருந்தது. போனிலும் ஒன்றும் வரவில்லை. நான் ஏங்கிய அமைதிதான். ஆனாலும் காபி இறங்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தால் ஆன்ட்டி கூடையோடு நிற்கிறார்.

"தேக்காவுக்கு வரேன்னு சொன்னியில்ல, வா. இந்தப் போனுல வாட்ஸ்அப் மறுபடி என் நம்பரக் கேக்குது. நேத்து சாயங்காலத்துலேருந்து இப்படித்தான். ரெஸ்ட் எடுக்குது போல."

"குடுங்க, பாக்குறேன்."

"ரயில்ல பாரு லா. லேட்டா போனா நெஞ்செலும்பு தீந்துடும்."

ரயிலில் பார்க்க விடவில்லை. செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியா வரை பேசிக்கொண்டே வந்தார். முதல்நாள் மாலையிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினார்.

தேக்கா மார்க்கெட்டில் அவருக்கு வாடிக்கையான கறிக்கடை ஷாஹித்துடையது. ஷாஹித் வெட்டிக்கொண்டிருந்தார், ஆன்ட்டி எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது தராசுக்குப் பக்கத்தில் கிடந்த ஷாஹித்தின் போன் மினுங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தவர் ஆன்ட்டியைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"ஏன்ப்பா, கண்ணு தெரியலையா? நெஞ்செலும்பு கேட்டா தொடையில கைய வக்கிற, அப்பவே நெனச்சேன்."

"ஆஸ்பத்திரியில இருக்கீங்களாம். பேச முடியாதாம், போன் பண்ண வேணாமாம். அவசரமா இந்த நம்பருக்குப் பணம் போடச் சொல்றீங்க."

ஷாஹித் போனைத் திருப்பிக் காட்டினார். ஆன்ட்டியின் பெயர், ஆன்ட்டி வேளாங்கண்ணியில் எடுத்த போட்டோ, அதற்குக் கீழே இங்கிலீஷில் இத்தனையும். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தே விட்டார். ஷாஹித்தும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

"யாரோ உங்க அக்கவுன்ட்ட எடுத்துட்டாங்க ஆன்ட்டி. ஆனா பேச முடியாதுன்னு போட்டான் பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டான்."

ஆன்ட்டி சிரிக்கவில்லை. கறியை வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டார். மேலே என்ன செய்வது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடன்மீது பாதி, ரயிலில் போனைக் கொடுக்காத ஆன்ட்டிமீது பாதி. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட முடியாது.

உணவுக் கடைகள் பக்கம் போய் ஒரு மேசையைப் பிடித்தோம். ஆன்ட்டியின் போனில் அவர் நம்பரைத் திரும்பப் பதிந்தேன். புது எண் வந்தது, போட்டேன். அதோடு திருடன் வெளியே போய்விட்டான். ஆனால் போகிற போக்கில் அவன் உள்ளே தன்னுடைய ரகசியப் பின் நம்பர் ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். அது தெரியாததால் ஆன்ட்டியும் உள்ளே போக ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்தப் பின் நம்பரை நாமே முதலிலேயே போட்டு வைத்திருந்தால், ஆறு இலக்க எண் கையில் கிடைத்தும் அவனால் நுழைந்திருக்க முடியாது. அதை எனக்குப் போட்டுக்கொள்ள அந்த மேசையில்தான் புத்தி வந்தது. பிறகு மோசடிகளுக்கான உதவி எண் 1799-க்கு அடித்தேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போலீசில் புகார் கொடுங்கள், அதற்கு முன்னால் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் செய்து சொல்லுங்கள் என்றாள்.

போன் செய்வது ஆன்ட்டிக்குத் தெரிந்த வேலை. முதலில் சிலுவைராஜைக் கூப்பிட்டார்.

"எனக்கும் அதே கதைதாம்மா," என்றார் அவர். "சின்னப் பிள்ளைங்க பாட்டுப் போட்டி, ஓட்டுப் போடுங்கன்னு ஒரு லிங்க் வந்துச்சு. தொட்டேன், என்னென்னமோ கேட்டுச்சு, போட்டேன். போயிடுச்சு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் அறிவிப்புல சொல்லலாம்னு இருந்தேன்."

அறிவிப்பில் சொல்வதற்காக ஞாயிற்றுக்கிழமைவரை அடக்கி வைத்திருந்த மனிதரை என்ன செய்வது? போனை வாங்கி நான் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தடுத்து எல்லோரையும் கூப்பிட்டார். ஒருவர் தவறாமல் சிரித்தார்கள். சிலர் மியூட்டில் போட்டிருந்ததால் மெசேஜையே பார்க்கவில்லை, அதைச் சொல்லவும் முடியாமல் மென்று விழுங்கினார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஷாஹித் சொன்னதையே சொன்னார்கள். நீங்களாவது பேச முடியாமல் இருப்பதாவது, அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஜோனத்தனும், "அம்மா, நீங்க டைப் பண்ணியிருந்தப்பவே எனக்குத் தெரியும். இருந்தாலும் கூப்பிட்டேன், லைன் பிஸியாவே இருந்துச்சு" என்றான். யாருடைய பணமும் ஒரு வெள்ளிகூடப் போகவில்லை. எனக்கு மூச்சு வந்தது. ஆன்ட்டிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, பிறகு முகம் கொஞ்சம் சுருங்கிப்போனது.

"நான் அவ்வளவு இம்சையா, தாரணி?"

"அந்த இம்சைதான் ஆன்ட்டி எல்லாரையும் காப்பாத்தியிருக்கு," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கடைசியாக ரத்தினம் ஆன்ட்டியைக் கூப்பிட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். திலீப்பைக் கூப்பிட்டால் லைனே கிடைக்கவில்லை, அன்றைக்குக் குடும்பத்தோடு எல்லை தாண்டி ஜொகூருக்குப் போகிறான் என்று ரத்தினம் ஆன்ட்டி முன்பே சொல்லியிருந்தார். அதாவது ரத்தினம் ஆன்ட்டி வீட்டில் தனியாக இருக்கிறார். கம்பு இல்லாமல் நகர முடியாதவர். போன் எப்போதும் மடியிலேயே இருக்கும், இவர் கூப்பிட்டு அவர் எடுக்காமல் இருந்ததே கிடையாது.

ஆன்ட்டி கறிக்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மத்தவங்கள்லாம் சிரிப்பாங்க. அவ சிரிக்க மாட்டா. நான் சொன்னா அவ அப்படியே நம்புவா. என் பேர்ல கேட்டா, கழுத்துல கெடக்குறதக்கூடக் கழட்டிக் குடுத்துடுவா. அவளுக்குன்னு இருக்கிறதே அந்தக் கொஞ்சம்தான், தாரணி."

டாக்சி பிடித்தோம். மடியில் கறிக்கூடையை வைத்துக்கொண்டு ஆன்ட்டி வழியெல்லாம் அழைத்துக்கொண்டே வந்தார். பாசிர் ரிஸில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது கேட் பூட்டியிருந்தது. ஆன்ட்டி அழைத்த அழைப்பு உள்ளேயிருந்து மணியாக அடித்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் போன் அடிக்கிறது, ஆள் அரவம் இல்லை. விழுந்து கிடக்கிறாரோ என்று கேட்டைப் பிடித்து ஆட்டித் தட்டினேன்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஹஸீனா வெளியே வந்தார்.

"ரத்தினம்மாவையா தேடுறீங்க? காலையிலயே கெளம்பிப் போயிட்டாங்களே. கையில கம்பு, தோள்ல பை, பெரிய ஃப்ளாஸ்க் ஒண்ணு. எங்கன்னு கேட்டேன், அவசரம்னு மட்டும் சொன்னாங்க. லிஃப்ட் கதவை நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

ஆன்ட்டி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "பேங்குக்குத்தான் போயிருக்கா. மெஷின்லேருந்து எடுத்து அந்தப் பாவிக்குப் போடப் போயிருக்கா. அந்தக் காலை வச்சுக்கிட்டு." அவ்வளவுதான் சொன்னார். பிறகு கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர் கத்த வேண்டும்போல இருந்தது.

கோபக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு ஒரு பழக்கம், அவர்கள் சொல்வதில் எது ஒட்டவில்லை என்று தேடுவேன். ஃப்ளாஸ்க்தான் ஒட்டவில்லை.

"ஆன்ட்டி, பேங்குக்கு யாராவது ஃப்ளாஸ்க் கொண்டு போவாங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஃப்ளாஸ்க்ல கஞ்சி கொண்டு போறது முடியாதவங்களப் பாக்கத்தான். எந்த ஆஸ்பத்திரின்னு தெரியாம உங்க வீட்டுக்குத்தான் போயிருப்பாங்க. எந்திரிங்க, போவோம்."

மறுபடி டாக்சி. செங்காங் வரும்வரை ஆன்ட்டி செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். அங்கேயும் அவர் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று எனக்கும் உள்ளே உதைத்துக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் மாடியில் லிஃப்ட் திறந்தது. ஆன்ட்டியின் கற்பூரவல்லித் தொட்டிகளுக்கு நடுவே, அவர் உட்கார்ந்து பூனைக்குப் புத்தி சொல்லும் அதே பிளாஸ்டிக் ஸ்டூலில் ரத்தினம் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். ஆபரேஷன் செய்த கால் நேராக நீட்டியபடி வீங்கியிருந்தது. இரண்டு பாதங்களுக்கும் நடுவில் ஃப்ளாஸ்க்.

ஆன்ட்டி கறிக்கூடையோடு நடந்து வருவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"பேசு," என்றார். "ஏதாவது பேசு, பிலோமினா."

ஆன்ட்டி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"பாத்தியா தாரணி, பேச்சு வரலை இவளுக்கு," என்று ரத்தினம் ஆன்ட்டி என்னிடம் திரும்பினார். "எந்த ஆஸ்பத்திரின்னு நானும் கேட்டு அனுப்பினேன். பதிலே இல்ல, ஒரு நம்பர்தான் வந்துச்சு. பணம் அனுப்பவெல்லாம் எனக்கு எங்க தெரியும்? பக்கத்து வீட்டுல நீ இருப்ப, இவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும்னு வந்தேன். நீயும் இல்ல. அதான் உக்காந்துட்டேன்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரி இல்லை, நோய் இல்லை, ஒரு திருடன், ஓர் எண், அவ்வளவுதான் என்று. கேட்டுக்கொண்டார். பணம் எதுவும் போகவில்லை என்றதற்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. அது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

"எல்லாருக்கும்தான் ஆன்ட்டி அந்த மெசேஜ் வந்துச்சு. பேச முடியாதுன்னு போட்டிருந்ததப் பாத்துட்டு எல்லாரும் சிரிச்சாங்க," என்றேன்.

"சிரிச்சாங்களா? இவளுக்கே பேச முடியலைன்னா எவ்வளவு மோசமா இருக்கணும்?"

வேறு எதையாவது கேட்க வேண்டுமே என்று, "சரி, போனையாவது கையில கொண்டு வந்திருக்கலாம்ல? நாங்க எவ்வளவு பயந்துட்டோம் தெரியுமா?" என்றேன்.

"எனக்குப் போன் பண்றது இவ ஒருத்திதான். இவளே பேச முடியாம கெடக்குறப்ப அது எனக்கு எதுக்கு?"

அவ்வளவுதான், ஆன்ட்டி கூடையைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ரத்தினம் ஆன்ட்டிக்கு மறுபடி பயம் வந்துவிட்டது. நான் சொன்னதை அவர் முழுசாக நம்பவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவசர அவசரமாக ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடியில் கஞ்சியை ஊற்றி, ஒரு கையால் ஆன்ட்டியின் முகவாயைப் பிடித்து, இன்னொரு கையால் வாயருகே கொண்டுபோனார்.

"கொஞ்சமா குடி. தொண்டை நனையட்டும்."

ஆன்ட்டி குடித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். பிறகு காரிடாரின் அந்தக் கோடி வீடுவரை கேட்கும்படி சொன்னார்.

"உப்பே போடலையேடி."

ரத்தினம் ஆன்ட்டி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அதுவரை விடாமல் பிடித்திருந்த கம்பை அப்போதுதான் தரையில் வைத்தார்.

"வந்துடுச்சு," என்றார் என்னிடம்.